'இரத்தக்குழாய் வயது' காட்டும் எடை மெஷின்: எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

வெறும் காலோடு ஏறி நின்றால் எடை, கொழுப்பு சதவீதம் இவற்றோடு 'இரத்தக்குழாய் வயது' என்று ஒரு எண்ணையும் காட்டும் எடை மெஷின் எங்கள் வீட்டில் பல மாதங்களாக இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5-க்கு 3. எடை மெஷினாக நன்றாக வேலை செய்கிறது. இரத்தக்குழாயைப் பற்றி அது அளக்கும் விஷயமும் உண்மையானதுதான், ஏமாற்று வேலை கிடையாது. ஆனால் நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் என்று ஏதாவது ஒரு ஏரோபிக் பயிற்சியைத் தொடங்கிவிட்டு, அதன் பலன் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக இதை வாங்க நினைக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். உடம்புக்குள் முதலில் சரியாகும் பகுதியை இந்த மெஷினால் பார்க்கவே முடியாது. அதனால் ஆரம்ப மாதங்களில் பயிற்சி வேலை செய்துகொண்டிருக்கும்போதே 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற செய்தியை அது தரக்கூடும். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த வகை மெஷின் எதற்கும் பொருந்தும்.

முதலில் இது எதை அளக்கிறது என்று பார்ப்போம். இதயம் ஒருமுறை சுருங்கும்போது இரத்தம் வெளியே தள்ளப்படுகிறது, கூடவே ஒரு அழுத்த அலையும் குழாய்ச் சுவர் வழியாகக் கிளம்பி ஓடுகிறது. இந்த அலை இரத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். சுவர் இளகியிருந்தால் அலை மெதுவாகப் போகும், சுவர் விறைத்திருந்தால் வேகமாகப் போகும். இதற்கு நாடி அலை வேகம் என்று பெயர். 2010-ல் எட்டு ஐரோப்பிய நாடுகளில் 16,867 பேரின் அளவுகளைச் சேர்த்து ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார்கள். அதன்படி, வேறு நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு 30 வயதுக்குள் நொடிக்கு 6 மீட்டர் அளவில் இருக்கும் இந்த வேகம் 50களில் 8 மீட்டரைத் தாண்டுகிறது, 70-க்கு மேல் 11 மீட்டரை நெருங்குகிறது. 10 மீட்டருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய அளவு என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2012-ல் எல்லை வகுத்தார்கள்.

மருத்துவமனையில் இதை எடுக்கும்போது படுக்க வைத்து, கொஞ்ச நேரம் ஓய்வெடுக்க விட்டு, கழுத்தில் ஒரு இடத்திலும் தொடை இடுக்கில் ஒரு இடத்திலும் நாடியைப் பிடித்து, இரண்டுக்கும் இடையே அலை ஓட எடுத்த நேரத்தைக் கணக்கிடுவார்கள். எடை மெஷின் வேறு வழியில் போகிறது. இதயம் இரத்தத்தை வெளியேற்றும்போது உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு உதைப்பு ஏற்படும், எடை உணரும் கருவிக்கு அது தெரியும். அதுதான் தொடக்கம். அப்புறம் பாதத்துக்கு நாடி வந்து சேரும் நேரத்தை, காலுக்கடியில் லேசாக மின்சாரம் செலுத்திப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரமும், நாம் ஆப்பில் கொடுத்த உயரத்தை வைத்து அது ஊகித்துக்கொள்ளும் தூரமும் சேர்ந்தால் வேகம் கிடைத்துவிடும். புத்திசாலித்தனமான அமைப்பு, அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் உயரத்தைத் தப்பாகக் கொடுத்தால் எண்ணும் தப்பாகும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனியோடு காலில் ஓடும் தமனிகளும் இந்தக் கணக்கில் கலந்துவிடுகின்றன என்பதும் உண்டு, வயதோடு அதிகம் விறைப்பது பெருந்தமனிதான், காலின் தமனிகள் அந்த அளவுக்கு மாறுவதில்லை. ஆகவே மருத்துவமனை எண்ணையும் இதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

சுவர் விறைத்தால் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்டால், நிறையக் கெடும். இளம் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, வந்த இரத்தத்தில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இதயம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் அதை முன்னே அனுப்பும். அதனால் சின்னக் குழாய்களுக்கு இரத்தம் சீராகப் போய்ச் சேரும். விறைத்த தமனியால் இப்படி விரிய முடியாது. இதயத்தின் அடி அப்படியே உள்ளே போய் இறங்கும், அதில் அதிகமாகப் பாதிக்கப்படுவது எப்போதும் நிறைய இரத்தத்தை வாங்கிக்கொண்டிருக்கும் மூளையும் சிறுநீரகமும். இதயமும் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் எதிர்ப்பைத் தள்ள வேண்டியிருப்பதால் நாளடைவில் அதன் சுவர் தடிக்கிறது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் துடிப்பு, வருடத்துக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். அத்தனை முறை இழுபட்டு விரிவது எலாஸ்டின் என்ற புரதம். கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உடம்பு இதைப் பெருமளவில் உருவாக்குகிறது, பிற்பாடு புதிதாக வருவது மிகக் குறைவு. பழைய ரப்பர் வளையம் போல அது அங்கங்கே இற்றுப்போக, அந்த இடத்தைக் கொலாஜன் என்ற விறைப்பான புரதம் பிடித்துக்கொள்கிறது. கொலாஜன் இழைகளுக்கு நடுவே சர்க்கரை சேர்ந்து உண்டாகும் பிணைப்புகள் அதை இன்னும் இறுக்குகின்றன.

இது சுவரின் கதை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சுவருக்கு உள்ளே, இரத்தம் தொடும் இடத்தில், ஒரே ஒரு செல் கனத்தில் இருக்கும் உட்படலம். ராபர்ட் ஃபர்ச்காட் 1980-ல் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் சோதித்தபோது, இந்த உட்படலம் சேதமாகாமல் இருந்தால்தான் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் குழாய் விரிகிறது, அது உரிந்துபோயிருந்தால் விரிவதில்லை என்று கண்டுபிடித்தார். உட்படலத்திலிருந்து வந்து தசையைத் தளர்த்தும் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரியவந்தது. இந்த வேலைக்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வயது ஏற ஏற உட்படலத்துக்கு நைட்ரிக் ஆக்சைடு தரும் திறன் குறைகிறது, கொஞ்சம் கிடைப்பதையும் ஆக்சிஜன் கழிவுகள் அழித்துவிடுகின்றன. குழாய் தேவைப்படும்போது விரியாமல் போவது இப்படித்தான் தொடங்குகிறது. எலாஸ்டின் தேய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும், ஆனால் உட்படலம் சோர்ந்துபோவதும் மறுபடி எழுவதும் வாரக் கணக்கில் நடக்கிற விஷயம்.

ஏரோபிக் பயிற்சி நேராகத் தொடுவது இந்த உட்படலத்தைத்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் இரத்தத்தைத் தள்ளுகிறது. நன்றாக மூச்சு வாங்கும் பயிற்சியில் அது 20 லிட்டர் வரைகூடப் போகும். அத்தனை இரத்தமும் உட்படலத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலை உட்படலச் செல்கள் உணர்கின்றன, உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியை அதிகமாக இயக்குகின்றன, அப்புறம் அந்த நொதியையே கூடுதலாக உருவாக்க ஆரம்பிக்கின்றன. வாரத்தில் பல நாள் இது நடந்தால் ஓய்வில் இருக்கும்போதும் குழாய் இளகலாக இருக்கப் பழகுகிறது. கை, கால் தசைகளை மாறி மாறி, நீண்ட நேரம், தாளமாக அசைக்கிற எந்தப் பயிற்சியும் இதைச் செய்யும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இது வெறும் கோட்பாடு அல்ல. கொலராடோ பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் சீல்ஸ் குழுவினர் 2000-ல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத நடுத்தர வயது மற்றும் மூத்த ஆண்களை மூன்று மாதம் ஏரோபிக் பயிற்சி செய்ய வைத்தார்கள், பெரும்பாலும் நடைதான். ஒரு ஆய்வில் முன்கைக் குழாய்கள் அசிடைல்கோலினுக்கு விரிவது ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது, இன்னொன்றில் கழுத்துத் தமனியின் இளக்கம் ஏறத்தாழ 25 சதவீதம் கூடியது. வருடக்கணக்கில் ஓடிப் பழகிய அதே வயதுக்காரர்களின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். நடந்ததற்கு இவ்வளவு. இரண்டாவது ஆய்வை முன்னின்று நடத்திய ஹிரோஃபுமி தனாகாவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆப் பற்றிச் சொல்லும்போது மறுபடி வருவார்.

லண்டன் மாரத்தானை முதல்முறை ஓடப் பதிவு செய்த 138 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. சுமார் ஆறு மாதம் பயிற்சி எடுத்து மாரத்தானை ஓடி முடித்த பிறகு அவர்களின் பெருந்தமனி விறைப்பு, ஏறத்தாழ 4 வயது குறைந்ததற்குச் சமமாக இறங்கியிருந்தது. மேல் இரத்த அழுத்தம் 4, கீழ் அழுத்தம் 3 என்று அதுவும் குறைந்திருந்தது. அதிகப் பலன் பெற்றவர்கள் யார் என்று பார்த்தால், வயதில் மூத்தவர்கள், மெதுவாக ஓடியவர்கள், தொடக்கத்தில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தவர்கள். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 'இந்த வயசுல ஆரம்பிச்சு என்ன ஆகப்போகுது' என்று சொல்கிற எல்லாருக்கும் நான் எடுத்துக்காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

சரி, மெஷினுக்கு வருவோம். மேலே சொன்னதில் முதலில் திருந்துவது உட்படலம் என்று பார்த்தோம். அந்த முன்னேற்றத்தை அளக்க வேண்டும் என்றால் முன்கையில் ஒரு பட்டையைக் கட்டி 5 நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, சட்டென்று திறந்துவிட்டு, மேல்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்கிற வேலை அது. எடை மெஷின் பார்ப்பது பெரிய குழாய்ச் சுவரின் விறைப்பை மட்டும். பெரிய குழாயிலும் மாற்றம் வரும், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வராமலும் போகும். வந்தாலும் இற்றுப்போன எலாஸ்டின் மறுபடி ஒட்டிக்கொள்வதால் வருவதில்லை, பெருமளவுக்குச் சுவரில் உள்ள தசை தளர்வதாலும் இரத்த அழுத்தம் இறங்குவதாலும் வருகிறது. ஆக, விறுவிறு நடையைத் தொடங்கி ஒரு மாதம் ஆன ஒருவர் தினமும் மெஷினில் ஏறுகிறார், உள்ளே உட்படலம் நன்றாகத் தேறிக்கொண்டிருக்கிறது, ஆனால் திரையில் 'வயது' அதே இடத்தில் நிற்கிறது, சில நாள் கூடுதலாகக்கூடக் காட்டுகிறது, அவர் மனம் விட்டுப்போய் நடையை நிறுத்திவிடுகிறார். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இந்த நிலைக்குப் போனதைப் பார்த்தேன். எனக்கு இந்தப் பொருளில் பிடிக்காதது இதுதான், மற்ற குறை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அந்த மற்ற குறைகளில் பெரியது, எண் ஆடும் ஆட்டம். நாடி அலை வேகம் அந்த நிமிடத்து இரத்த அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏறினால் அதே சுவர் இன்னும் இறுக்கமாக நடந்துகொள்ளும், அலையும் வேகமாகும். காபி குடித்துவிட்டு ஏறினால் ஒரு எண், புகை பிடித்தவருக்கு ஒரு எண், சிறுநீரை அடக்கிக்கொண்டு நின்றால் ஒரு எண், யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தால் இன்னொரு எண். பயிற்சி முடிந்த கையோடு ஏறி நின்று பார்க்கவே கூடாது, அது எதையும் சொல்லாது. காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய்விட்டு வந்து, எதுவும் குடிக்காமல், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்து, பிறகு ஏறினால்தான் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் ஏதாவது பொருத்தம் இருக்கிறது. பாதம் ஜில்லென்று இருந்தாலோ தோல் மிகவும் வறண்டிருந்தாலோ நாடியைப் பிடிக்க முடியாமல் 'அளவு கிடைக்கவில்லை' என்று விட்டுவிடுகிறது. உண்மையில் இதை நான் நல்ல குணமாகவே எடுத்துக்கொள்கிறேன், சந்தேகமான எண்ணைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது நல்லது.

நல்லது இன்னொன்றும் உண்டு. ஆப்பில் தினசரி எண்ணை மறைத்துவிட்டு மாதச் சராசரியை மட்டும் கோடாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதை மட்டும் பார்த்தால் இந்த மெஷின் ஓரளவு நம்பகமான துணை. என் கோடு மெதுவாக, மிக மெதுவாக, கீழே வந்தது. ஆனால் அதே காலத்தில் என் எடையும் இரத்த அழுத்தமும் இறங்கின, ஆகவே எந்தப் பங்கு எதனால் என்று இந்த மெஷினால் பிரித்துச் சொல்ல முடியாது. இரத்த அழுத்த மாத்திரை புதிதாகத் தொடங்கியவருக்கு 'வயது' சட்டென்று இறங்கினால் அதற்கு மாத்திரையே காரணமாக இருக்கலாம். மாத்திரையை விட்டுவிடலாம் என்று அதைப் பார்த்து யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள்.

'வயது' என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. ஆப் செய்வது என்னவென்றால், உங்கள் வேகத்தை எடுத்து, ஒரு மக்கள் கூட்டத்தின் அட்டவணையில் அது எந்த வயதுக்காரர்களின் சராசரியோடு பொருந்துகிறது என்று பார்த்துச் சொல்வது. அந்த அட்டவணையில் ஒவ்வொரு வயதிலும் மனிதர்களுக்குள் வேறுபாடு மிக அதிகம். 50 வயதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் இரண்டு பேருக்கு நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அந்த ஒரு மீட்டரை வயதாக மாற்றினால் பத்து வருடம் வரைகூடப் போய்விடும். நேற்றுவரை நிம்மதியாக இருந்த ஒருவரிடம் போய் 'உங்கள் இரத்தக்குழாய்க்கு 61 வயது' என்று திரையில் காட்டுவது எவ்வளவு பெரிய விஷயம்! மீட்டர் கணக்கை மட்டும் காட்டினால் போதும், வயதாக மாற்றிக் காட்டுவதை நிறுத்திவைக்க ஒரு வசதியாவது கொடுத்திருக்க வேண்டும். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். 'உங்கள் கருத்தைப் பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆப்பின் பயிற்சி ஆலோசனைகள் பலவீனமானவை. எண் ஏறிய நாளில் 'இன்று கடுமையாக உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று அறிவிப்பு வருகிறது. ஒரு நாள் எண்ணுக்கும் அன்றைய பயிற்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை மேலேயே சொன்னேன். அதிகபட்ச இதயத்துடிப்பை 220-லிருந்து வயதைக் கழித்துப் போடுகிறது. முன்பு சொன்ன தனாகா 2001-ல் நிறையப் பேரின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்து, 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பதுதான் பெரியவர்களுக்குச் சரியாக வருகிறது என்று காட்டினார். 50 வயதில் 170-ம் 173-ம், பெரிய வேறுபாடு இல்லை. 70 வயதில் 150-ம் 159-ம், அங்கேதான் இடிக்கிறது. ஆப்பை நம்பிய மூத்தவர் தன்னால் முடிந்ததைவிட மெதுவாகவே நடந்துவிட்டு எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு சூத்திரமும் உதவாது, மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். இந்தச் சோதனைக்குச் சூத்திரமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஆப் எல்லாருக்கும் ஒரே பதிலைத் தருகிறது, வாரத்துக்கு 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான பயிற்சி. ஆகவே தவறு என்று சொல்ல மாட்டேன், கீழ் எல்லையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. இரத்தக்குழாய் என்று வரும்போது எத்தனை நாள் என்பதும் கணக்கில் வருகிறது. டாலஸில் பெஞ்சமின் லெவின் குழுவினர் 60 வயதைத் தாண்டிய 102 பேரை, வாழ்நாள் முழுக்க எவ்வளவு அடிக்கடி பயிற்சி செய்தவர்கள் என்று பிரித்துப் பார்த்து 2018-ல் எழுதினார்கள். வாரம் 2, 3 நாள் செய்து வந்தவர்களுக்குக் கழுத்துத் தமனி போன்ற நடுத்தரக் குழாய்கள் இளமையாக இருந்தன. பெருந்தமனியும் இளமையாக இருந்தது வாரம் 4, 5 நாளோ அதற்கு மேலோ செய்தவர்களுக்குத்தான். இது பயிற்சிப் பழக்கத்தையும் குழாயின் நிலையையும் ஒரே சமயத்தில் ஒப்பிட்ட ஆய்வு, ஆளைப் பிரித்துப் பயிற்சி கொடுத்துச் சோதித்தது அல்ல, ஆகவே கல்லில் எழுதிய விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்வதைவிட வாரம் முழுக்கப் பிரித்துச் செய்யலாம் என்று நான் முடிவெடுத்ததற்கு இதுதான் காரணம்.

உட்கார்ந்தே இருப்பதைப் பற்றி இந்த மெஷினும் ஆப்பும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இண்டியானா பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவர்களின் தொடைத் தமனி விரியும் திறன் முதல் மணி நேரத்திலேயே நன்றாகக் குறைந்தது. இடையிடையே ஐந்தைந்து நிமிடம் மெதுவாக நடந்தபோது அந்தக் குறைவு வரவில்லை. மெதுவாக, வேர்க்கக்கூட இல்லாமல், ஐந்து நிமிடம்தான். இதை நினைவூட்டும் ஒரு அறிவிப்பு வைத்திருந்தால் இந்த ஆப்பிலேயே உருப்படியான விஷயம் அதுவாக இருந்திருக்கும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் வரும் என்று நினைக்கக் கூடாத இடங்கள் சில இருக்கின்றன, விளம்பரத்தில் இவற்றைப் பற்றிய பேச்சே இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஏரோபிக் பயிற்சியால் உட்படலம் தேறுவது ஆண்களுக்கு வருவது போல உறுதியாக வருவதில்லை. எட்டு வாரம் விறுவிறு நடை நடந்த மூத்த ஆண்களுக்குத் தமனி விரியும் திறன் நன்றாகக் கூடியதையும், அதே நடையை நடந்த பெண்களுக்கு அது மாறாததையும் 2011-ல் ஒரு ஆய்வு காட்டியது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். அதற்காகப் பெண்கள் நடக்க வேண்டாம் என்று அர்த்தமே இல்லை. அவர்களுக்குக் கழுத்துத் தமனியின் இளக்கம் நடையால் கூடுவதாக வேறு ஆய்வு இருக்கிறது, இதயம், சர்க்கரை, எலும்பு, தூக்கம் எல்லாவற்றுக்கும் பலன் உண்டு. எங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னபோது 'அப்போ இந்த நம்பர் எறங்கலன்னா நான் ஒழுங்கா நடக்கலன்னு அர்த்தமில்லதானே?' என்று கேட்டார். ஆமாம், அர்த்தமில்லை.

அதேபோல், மேல் அழுத்தம் மட்டும் ஏறி, கீழ் அழுத்தம் சாதாரணமாக இருக்கும் நிலைக்கு ஏற்கனவே போய்விட்ட மூத்தவர்களுக்குப் பெரிய குழாயின் விறைப்பு எட்டு வாரப் பயிற்சியில் அசைவதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பளு தூக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: கடுமையான எடைப் பயிற்சியை மட்டும் மாதக்கணக்கில் செய்த இளைஞர்களுக்குக் கழுத்துத் தமனியின் இளக்கம் குறைந்ததாக 2004-ல் ஜப்பானிய ஆய்வு ஒன்று சொன்னது, பயிற்சியை நிறுத்தியதும் அது பழைய நிலைக்குத் திரும்பியது. எடைப் பயிற்சி முடிந்த பிறகு ஏரோபிக் பயிற்சியும் செய்தால் அந்த விறைப்பு வருவதில்லை என்றும் பார்த்திருக்கிறார்கள். தசைக்கு எடைப் பயிற்சி தேவை, அதை விடவே வேண்டாம், கூடவே மூச்சு வாங்கும் பயிற்சியும் இருக்கட்டும். மெஷின் வாங்கியதிலிருந்து எண் ஏறுகிறதே என்று குழம்பும் பளு தூக்கும் நண்பர்கள் இதையும் யோசித்துப் பார்க்கலாம்.

இதற்குப் பதில் என்ன வாங்கலாம்? மேல்கையில் கட்டும் சாதாரண பிபி மெஷின். முதலில் அதுதான், எந்தச் சந்தேகமும் இல்லை. அதில் மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்துப் பாருங்கள். 120-க்கு 80 என்றால் 40. வயதாக ஆகப் பெருந்தமனி விறைக்கும்போது மேல் எண் ஏறிக்கொண்டே போகும், 50, 60 வயதுக்குப் பிறகு கீழ் எண் இறங்க ஆரம்பிக்கும், இடைவெளி அகலும். 150-க்கு 75 என்று வந்தால் 'கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள், 75 என்ற அந்த இடைவெளி பெருந்தமனி விறைத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். எடை மெஷின் சுற்றி வளைத்துச் சொல்வதில் பெரும்பகுதியை இது நேரடியாகச் சொல்லிவிடுகிறது, சிகிச்சையும் இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. பிபி மெஷின் ஏற்கனவே இருக்கிறது, பயிற்சியும் பழக்கமாகிவிட்டது, மாதக் கோட்டை மட்டும் பார்க்கும் பொறுமையும் இருக்கிறது என்றால் இந்த எடை மெஷினைத் தாராளமாக வாங்கலாம். எண்ணைப் பார்த்தால் பதறுகிறவர்கள் வாங்க வேண்டாம்.

பேஸ்மேக்கர் அல்லது உடம்புக்குள் வேறு மின் கருவி வைத்திருப்பவர்கள் இதில் ஏறவே கூடாது, காலுக்கடியில் மின்சாரம் செலுத்துகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவர்களுக்கும் கால் தமனியில் அடைப்பு இருப்பவர்களுக்கும் வரும் எண்ணை நம்ப முடியாது. நெஞ்சு வலி, படி ஏறினால் அளவுக்கு மீறி மூச்சிரைப்பு என்று ஏதாவது இருந்தால் மெஷினும் வேண்டாம், பயிற்சியையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி கண்ணாடித் தட்டு உறுதியாக இருக்கிறது, சார்ஜ் பல வாரம் நிற்கிறது, வைஃபை ஒருமுறை இணைத்தால் அப்புறம் தொந்தரவு இல்லை. விரிப்பின் மேல் வைத்தால் எதுவும் சரியாக வராது, கெட்டியான சமதரை வேண்டும். வீட்டில் இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே எடையில் இருந்தால் ஒருவரின் அளவை இன்னொருவர் கணக்கில் போட்டுவிடுகிறது, அப்படிப் போட்டதைக் கண்டுபிடித்து ஆப்பில் கையால் மாற்றாவிட்டால் மாதச் சராசரியும் கெட்டுவிடும். வாரத்தில் ஒருமுறை உட்கார்ந்து இதைச் சரிபார்த்துவிடுங்கள்.